கை அறிந்த எண்

தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரான் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறுதான் மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனமே எழுபது மைக்ரான் வரும். அந்த முடியில் பாதியை அளந்துவிட்டு, இதில் ஒரு மைக்ரான் இடிக்கிறது என்று கேண்டீனில் டீயை ஆறவிட்டுச் சண்டைக்கு நிற்கும் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். வீட்டில் அலமாரிக் கதவு ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. "உனக்கு இருக்கிறது கண்ணில்லம்மா, போலீஸ் ஸ்டேஷன்" என்பார் கணவர். அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பாரம் இறக்கும்போது விழுந்து, முதுகெலும்பு போய், ஆறு வருடமாக ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். உடம்பில் அசையாத பாகங்களுக்கெல்லாம் சேர்த்து அவருக்கு வாய் அசையும். அந்த வீட்டுக்குள் வரும் ஒரே சம்பளம் அக்காவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் அவள் செய்த காரியத்துக்கு நீங்கள் அவளைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

அவள் வேலை இதுதான். அந்தத் தொழிற்சாலை பளு தூக்கும் சங்கிலிகளுக்கு வேண்டிய ‘பின்’ என்கிற சாமானைச் செய்தது. சுண்டுவிரல் நீள எஃகுத் துண்டு; சங்கிலியின் ஒரு கண்ணியை அடுத்த கண்ணியோடு கோக்கும். பின் மெத்தென்று இருந்தால் தேய்ந்துவிடும், அளவுக்கு மீறிக் கடினமானால் கண்ணாடி மாதிரி உடையும். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. பின் அந்தச் சந்துக்குள் நிற்க வேண்டும். எண்ணில் சொன்னால் அறுநூற்று எண்பதிலிருந்து எழுநூற்று நாற்பது வரை. காய்ச்சும் உலையான ஃபர்னஸிலிருந்து ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் காய்ச்சிய பின்கள், வெளியே வந்ததும் அதில் ஒரு பின்னை அக்காவிடம் அனுப்புவார்கள். அவள் அதை அறுத்து, பேக்கலைட் என்கிற கறுப்பு பிளாஸ்டிக்கில் பதித்து, கேரம் காய் அளவுக்கு வில்லையாக்கி, உப்புத்தாளில் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்து மெஷினின் கீழே வைப்பாள். மெஷினின் நுனியில் பொடிசாக ஒரு வைரம். அரை கிலோ எடையோடு அது இறங்கி, பத்துப் பதினைந்து விநாடி எஃகை அழுத்திவிட்டு எழும். அழுத்திய இடத்தில் ஒரு தடம் விழும். வெறும் கண்ணுக்கு அது தூசி. லென்ஸில் பார்த்தால் நாலு மூலையுள்ள குட்டிச் சதுரம்.

லென்ஸுக்குள் இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். டிரம் என்கிற திருகைச் சுற்றி, ஒரு கோட்டை இந்த மூலையிலும் மற்றதை எதிர் மூலையிலும் தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும். தடம் பெரிதென்றால் எஃகு மெத்து, சிறிதென்றால் கடினம். டிரம்மில் வரும் மைக்ரானைச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் தேடினால் கடினத்தின் எண் கிடைக்கும். முப்பத்தாறு மைக்ரான் என்றால் எழுநூற்றுப் பதினைந்து. இரண்டே மைக்ரான் கூடி முப்பத்தெட்டானால் அறுநூற்று நாற்பத்திரண்டு. நல்ல பின் கெட்ட பின்னாகிவிடும். ஆகவே அவள் டீயை ஆறவிட்டதில் நியாயம் இருந்தது.

அவள் அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கும்: "மெஷின் அழுத்தும்போது நடக்காதே, தும்மாதே." தரை அதிர்ந்தால் தடம் பெரிதாகிவிடும் என்பதற்காக. யாரோ ஒரு குசும்பன் அதன் கீழே பென்சிலில் "மூச்சு விடலாமா?" என்று எழுதி வைத்தான். மறுநாள் அதற்கும் கீழே அக்காவின் கையெழுத்தில் பதில் இருந்தது: "கேண்டீன் போய் விடவும்."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவள் அங்கே பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் கட்டிக்கொண்டிருந்த பின்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, "இதுல முடி மாதிரி ஒரு கீறல் இருக்கு" என்றாள். அங்கிருந்த மூன்று பேர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. லென்ஸில் வைத்துப் பார்த்தார்கள், இருந்தது. அன்றைக்கே அவளைப் பெட்டியிலிருந்து மெஷினுக்கு மாற்றினார்கள். இத்தனைக்கும் அவள் இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. எதையும் மங்கலாகத்தான் காட்டும். வலது கண் ஒன்றே இரண்டு கண்ணுக்கான வேலையையும் செய்தது. "ஒத்தக் கண்ணுல ஊரையே அளக்கிறா" என்பது கணவரின் பெருமை.

பிறகு தன் தம்பியையும் அங்கே சேர்த்துவிட்டாள். அவன் ஃபர்னஸ்காரன் ஆனான். அக்கா வீட்டுக்கு நேர் மேல் மாடியில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருந்தான். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது முரட்டுக் கடினமாகிவிடும். அப்படியே விட்டால் உடையும். அடித்த பிள்ளையை அணைத்துச் சமாதானம் செய்வது போல, மறுபடி மிதமான சூட்டில் வைத்து முரட்டுத்தனத்தைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டாம் சூட்டைச் சரியாக வைப்பதில்தான் தம்பியின் கெட்டிக்காரத்தனம். அவனிடம் மெஷின் கிடையாது, ஒரு பழைய அரம் உண்டு. வெளியே வந்த பின்னில் அந்த அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான். லேசாகக் கடித்தால் பின் நல்ல பின். வழுக்கிக்கொண்டு போனால் கடினம் எல்லை மீறிவிட்டது.

நாலு மாதத்துக்கு முன்னால் அவன் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றான். அவள் அனுப்பிய சீட்டில் அறுநூற்று முப்பது, அறுநூற்று நாற்பது என்று வரிசையாக எழுதியிருந்தது. லாட் தள்ளுபடி.

"அக்கா, அரம் எப்பவும் போலத்தான் கடிக்குது. இது மெத்துன்னு சொல்றியே, எப்படி?"

"அரத்துக்குக் கண்ணு இருக்காடா?"

"இல்லதான். ஆனா கையில தெரியுதே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போய் உன் சூட்டைப் பாரு. மெஷின் உனக்காகப் பொய் சொல்லாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், காது சிவக்க. போய் இரண்டாம் சூட்டைக் குறைத்தான், பின் இன்னும் கடினமாக இருக்கட்டுமென்று. அடுத்த லாட் வந்ததும் மறுபடி வந்து நின்றான். "அரம் வழுக்குதுக்கா. கண்ணாடி மேல இழுக்கிற மாதிரி இருக்கு." அக்கா அளந்தாள்: எழுநூற்று ஐந்து. "பாத்தியா? இப்பதான் வழிக்கு வந்திருக்க" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டாள். அதன்பின் அவன் வந்து நிற்கவில்லை. அரத்தைக்கூட எடுப்பதில்லை என்று கேள்வி. அக்கா சொல்லிவிட்டாள், அது போதும் அவனுக்கு.

அக்கா தப்பாகச் சொல்லியிருந்தாள்.

மாஸ்டர் கட்டை ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பில் ஒரு சின்னக் கட்டை. இதன் கடினம் இவ்வளவு என்று வேறோர் இடத்தில் அளந்து, எண்ணைக் கட்டையிலோ பெட்டியிலோ பொறித்துச் சான்றிதழோடு விற்பார்கள். அக்காவிடம் இருந்ததில் 713 என்று பொறித்திருந்தது. தினமும் காலையில் முதல் வேலையாக அந்தக் கட்டையில் ஒரு தடம் போட்டு அளக்க வேண்டும். எழுநூற்றுப் பதிமூன்றுக்குக் கிட்டத்தில் வந்தால் மெஷினும் சரி, அளப்பவரின் கண்ணும் சரி. வந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு வருடமாக அந்த நோட்டில் 713, 712, 714, 713 என்றுதான் இருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்த நோட்டைப் பார்த்துச் சொக்கிப் போவார்கள்.

எதிர்பார்க்கிற எண் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அறுநூறு நாள் ஒரே கட்டை, ஒரே எண். டிரம்மை எந்த இடத்தில் நிறுத்தினால் எழுநூற்றுப் பதிமூன்று வரும் என்பது அவள் விரலுக்கு மனப்பாடமாகிவிட்டது. இருட்டில் சுவிட்சைத் தட்டுகிற கை மாதிரி அது தானாகப் போய் நின்றது. கண் அதற்குப் பின்னால் வந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அவள் ஏமாற்றவில்லை. பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்.

பழைய கட்டையில் தடம் போட இடம் தீர்ந்துபோய், திங்கட்கிழமை புதுக் கட்டை வந்தது. இந்தத் தடவை எண் கட்டையில் இல்லை, பெட்டியில்தான். ஸ்டோர்காரர் கட்டையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எண் எழுதிய பெட்டியையும் சான்றிதழையும் கோப்பில் சேர்க்க ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட்டார். அக்காவுக்கு எண் தெரியாது. பரவாயில்லை என்று அளந்தாள். விரல் எங்கே நிற்பதென்று தெரியாமல் தடுமாறியது. தடத்தின் மூலை எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. ஈரத் தாளில் மை ஊறியது போல நுனி கசிந்து கிடந்தது. கசிவைத் தாண்டிக் கோட்டை வைத்தாள். ஐந்நூற்று எண்பத்தெட்டு வந்தது. சாயங்காலம் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அதில் அறுநூற்று ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து தடவை அளந்தாள். ஐந்து தடவையும் இரண்டு மைக்ரான் கூடுதல்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கண் டாக்டரிடம் போனாள். டாக்டர் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை நீட்டி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"கோடெல்லாம் நேரா தெரியுதாம்மா?"

"நடுவுல மட்டும் வளையுது டாக்டர். அச்சடிச்சவன் சரியா அடிக்கலையோ?"

டாக்டர் சிரிக்கவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, ஆறேழு மாதமாகவே இருந்திருக்கும் என்றார். மேற்கொண்டு கெடாமல் நிறுத்தப் பார்க்கலாம். போனது போனதுதான்.

இதோடு நின்றிருந்தால் அவள் தலையெழுத்தோடு போயிருக்கும். நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் எங்கோ ஒரு கிடங்கில், அவர்கள் பின் போட்ட சங்கிலி ஒன்று அறுந்து, தொங்கிய பாரம் கீழே நின்றவர் கால்மேல் விழுந்தது. பாதம் போய்விட்டது. உடைந்த பின்களை, அளப்பவளும் காய்ச்சியவனும் அக்கா தம்பி என்பதால், வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே எழுநூற்றுத் தொண்ணூறு என்று வந்தது. ஆனால் அக்காவின் சீட்டில் எழுநூற்று ஐந்து. எப்படி? மெஷின் தப்பாக இருக்க முடியாது, நோட்டே சாட்சி. அப்படியென்றால் ஃபர்னஸ்காரன் இரண்டாம் சூட்டைத் தன் இஷ்டத்துக்குக் குறைத்துவிட்டு, சோதனைக்கு மட்டும் வேறு நல்ல பின்னைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான் என்று ஆபீஸில் முடிவு கட்டினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போவதோடு வழக்கும் வரும்.

அவள் நோட்டுதான் அவள் தம்பியைக் குற்றவாளியாக்கியது. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவளும்கூட, இந்தப் பயல் உண்மையிலேயே பின்னை மாற்றிவிட்டானோ என்று ஒரு மூலையில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெட்கம் அவளைப் பிய்த்துத் தின்றது.

சரி, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். செவ்வாய்க்கிழமை காலை அவள் என்ன செய்தாள் தெரியுமா? அறுநூற்று ஐம்பத்திரண்டுக்கு டிரம் எங்கே நிற்க வேண்டும் என்று விரலுக்குப் பழக்கினாள். நோட்டில் 652 என்று எழுதினாள். புதன்கிழமையும் எழுதினாள், வியாழக்கிழமையும் எழுதினாள். எழுதும்போதெல்லாம் ஜன்னலோரக் கட்டில் கண்முன் வந்தது. ஐம்பது வயதை எட்டப்போகிற, கண் போன பெண்ணை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

புதன்கிழமை தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தான். முகம் ஒரு வாரமாகச் சவரம் காணவில்லை.

"நான் பின்னை மாத்தலன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா. நீ சொன்னா கேப்பாங்க."

"நான் உன் அக்கா. நான் சொல்றது எப்படிடா எடுபடும்?"

"எடுபடும். நீ பொய் சொல்ல மாட்டன்னு எல்லாருக்கும் தெரியும்."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது. அளந்து முடித்த வில்லைகளை ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. சூட்டைக் குறைத்த பிறகு வந்த லாட்களின் பதினொரு வில்லைகளும் அவள் மேஜை இழுப்பறையில் இருந்தன. சாவி அவள் இடுப்பில். வேறு யாராவது ஒரு நல்ல கண்ணால் அவற்றை ஒருமுறை அளந்தால் எழுநூற்றுத் தொண்ணூறு என்று வந்துவிடும். தம்பி வேறு பின்னைக் கொடுக்கவில்லை என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். அக்காவின் கதையும் அதே நிமிடத்தில் முடிந்துவிடும். நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் இழுப்பறையைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பதினொன்றையும் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பையைக் கட்டிலில் வைத்ததும் கடகடவென்று சத்தம். கணவர் என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றி, டாக்டரைப் பற்றி, கட்டையைப் பற்றி.

"ஆத்துல போட்டுடு" என்றார் அவர்.

"என்னங்க சொல்றீங்க?"

"உன் தம்பிக்குக் கை இருக்கு, கால் இருக்கு. எங்கயாவது போய்ப் பொழச்சுப்பான். எனக்கு என்ன இருக்கு? உன் கண்ணு ஒண்ணுதான் இருந்தது."

சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் மேல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. தன் மனதில் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலம் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினாள். கைப்பிடிச் சுவரோரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பஸ் வரும்வரை நின்றாள். போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். பை கையிலேயே இருந்தது.

விசாரணை ஆபீஸின் நீள மேஜையில் நடந்தது. நடத்தியவர் குவாலிட்டி மேனேஜர். எந்த எண்ணைச் சொன்னாலும் "இன்னொரு தடவை பாருங்க" என்று சொல்வதால் அவருக்குத் தொழிற்சாலையில் இன்னொரு தடவை என்றே பெயர். மனிதர் கெட்டவர் இல்லை. அக்காவின் நோட்டை மேஜை நடுவில் விரித்து வைத்தார்.

"அக்கா, உங்க மேல யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல. ரெண்டு வருஷம், ஒரு நாள்கூடத் தப்பல. இந்த மாதிரி நோட்டு நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "மெஷின் சரி. அளந்த கை சரி. அப்ப நீ குடுத்த பின்னுதான் தப்பு. என்ன சொல்ற?"

தம்பி நோட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவளைக் கை காட்டினால் போதும். அளந்தவள்தான் தப்பாக அளந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா அதற்காகவே காத்திருந்தாள். அவன் சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை.

"சூட்டைக் குறைச்சது நான்தான் சார். பின்னை மட்டும் மாத்தல. எப்படி இப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியல" என்றான் தம்பி. "ஆனா அக்கா அளந்ததுல தப்பு இருக்காது. அவங்க ஒரு மைக்ரான்கூட விட மாட்டாங்க."

அக்கா பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உள்ளே விட்டுப்போயிற்று. எழுந்து பையைத் தலைகீழாக மேஜைமேல் கொட்டினாள். வில்லைகள் உருண்டு நாலாபக்கமும் ஓடின. ஒன்று மேனேஜரின் டம்ளரில் இடித்து நின்றது.

"சார், டிரம்மோட எண்ணை டேப் ஒட்டி மறைங்க. பழைய கட்டைல ஒரு தடத்தை நான் அளக்கிறேன். அப்புறம் டேப்பை எடுத்துப் பாருங்க."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"மறைங்க சார்."

வில்லைகளைப் பொறுக்கிக்கொண்டு எல்லோரும் அவள் அறைக்குப் போனார்கள். கதவு அட்டையைத் தாண்டி இத்தனை பேர் ஒன்றாக உள்ளே வந்தது அதுவே முதல் தடவை. மேனேஜர் டேப் ஒட்டினார். அக்கா குனிந்து லென்ஸில் கண் வைத்தாள். வளைந்த கோடு, கசிந்த மூலை. விரல் பழைய இடத்தைத் தேடி நின்றது. அதைப் பிடுங்குகிற மாதிரி அங்கிருந்து நகர்த்தி, கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வைத்தாள். மேனேஜர் டேப்பை உரித்தார். முப்பத்தெட்டு மைக்ரான். எழுநூற்றுப் பதிமூன்று என்று பொறித்த கட்டையில் அறுநூற்று நாற்பத்திரண்டு.

"இன்னொரு தடவை" என்றார் மேனேஜர். குரல் அவருடையதாக இல்லை.

அறுநூற்று நாற்பத்தொன்பது.

"இன்னொரு தடவை."

அறுநூற்று முப்பத்தைந்து. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து அதே தடத்தை அளந்தார், எழுநூற்றுப் பதினொன்று. தம்பியின் வில்லை ஒன்றை வைத்து அளந்தார், எழுநூற்று எண்பத்தெட்டு. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனை நாளா அக்கா?" என்று கேட்டார்.

"ஆறேழு மாசமா. எனக்குத் தெரிஞ்சது திங்கட்கிழமை. செவ்வாய், புதன், வியாழன் எழுதினது தெரிஞ்சே எழுதினது சார்."

இழுப்பறைச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். மேனேஜர் நோட்டை நீட்டினார். இன்றைய தேதி போட்டு, வந்த எண்ணை எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். 642 என்று எழுதினாள். இரண்டு வருடத்து 713களுக்கும் மூன்று நாளைய 652களுக்கும் கீழே அது அசிங்கமாக இருந்தது. தம்பி மேல் ஏமாற்று வழக்கு இல்லை, மேலே கேட்காமல் சூட்டைக் குறைத்ததற்கு எச்சரிக்கை மட்டும் என்று மேனேஜர் சொன்னார். அக்கா திங்கட்கிழமை வர வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தம்பி ஃபர்னஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தான். ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போனாள். திட்டுவான், அல்லது அழுவான், இரண்டில் எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. தள்ளுபடிப் பெட்டியிலிருந்து, திரும்பி வந்த அந்த லாட்டின் பின் ஒன்றை எடுத்து வைஸில் இறுக்கினான். அலமாரியிலிருந்து பழைய அரத்தை எடுத்தான். நாலு மாதத் தூசி அதன்மேல் படிந்திருந்தது. துணியால் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

"இழு."

"தம்பி, வேணாம்டா."

"இழுக்கா."

இழுத்தாள். அரம் சறுக்கிக்கொண்டு போய்க் காற்றில் நின்றது.

"கடிக்குதா?"

"இல்ல. வழுக்குது."

"கண்ணை மூடிக்கிட்டு இழு."

மூடிக்கொண்டு இழுத்தாள். வழுக்கியது. கைக்குத் தெளிவாகத் தெரிந்தது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"இதுக்குக் கண்ணு வேண்டாம்க்கா" என்றான் தம்பி. "நீ சொன்னேன்னு நான் என் கையை நம்பல. அந்த ஆளோட கால் போச்சு."

சொல்லிவிட்டு ஃபர்னஸின் சூட்டைப் பார்க்கப் போய்விட்டான். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அரத்தை மறுபடி வைத்து இழுத்தாள். வழுக்கியது. இன்னொரு தடவை இழுத்தாள்.